பட்டாபிஷேகமும் ஓர் ஆக்டிங்கும்

லாரி செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு அடுத்த தலைவர் யார் என்பதை, அதன் இயக்குநர்கள் ஏசி அறையில் கூடி, முந்திரிப் பருப்பு கொறித்துக்கொண்டே முடிவு செய்கிறார்கள் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்துக்கு வேலைக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் யாரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஈசிஆர் ஓரத்துத் தகர ஷெட்டில் பட்டாபிஷேகம் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒத்துக்கொண்டால்தான் அந்த ஆள் தலைவர். இல்லாவிட்டால் அந்த ஆள் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். நம் அப்பா காலத்திலிருந்து லாரி செய்துகொண்டிருக்கும் கம்பெனி. அது போதும்.

2004-ல் நான் மரக்காணம் உப்பு லாரி உரிமையாளர் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். எந்த லாரி எப்போது உப்பு ஏற்ற வேண்டும் என்ற வரிசையை நோட்டில் எழுதுவதும், யாருக்காவது இங்கிலீஷில் கடிதம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. ஆபீசுக்கு நேர் எதிரே பட்டாபிஷேகத்தின் மெக்கானிக் ஷெட். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் ஊரில், லாரிகளை அதன் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். தொழிலில் மகா கெட்டிக்காரர். பேச்சிலும் கெட்டிக்காரர்தான். கேட்கிறவனுக்குத்தான் தலை சுற்றும்.

ஒரு லாரி ஷெட்டுக்குள் வந்தால் மற்ற மெக்கானிக்குகள் "எந்த வருஷ மாடல்?" என்று கேட்பார்கள். பட்டாபிஷேகம் கேட்க மாட்டார். கதவை ஒரு தட்டுத் தட்டுவார். கியரை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்.

"இது நாலாவது ஆளு காலம்."

அந்தக் கம்பெனிக்கு அதுவரை ஏழு தலைவர்கள். ஏழு பேருக்கும் அவர் பெயர் சொல்ல மாட்டார், நம்பர்தான். மூன்றாவது ஆள் முன்கோபக்காரர், அதனால் அவர் காலத்து இன்ஜின் சீக்கிரம் சூடாகும். நாலாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கிற ரகம், அதனால் அவர் காலத்து வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். அஞ்சாவது ஆள் தங்கமான மனுஷன், பிரேக் அப்படி நிற்கும். ஆறாவது ஆள் காலத்தில் கிளட்ச் பிளேட் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று ஒரு டிரைவர் கேட்டபோது, "அவரு பொண்ணு கல்யாணம் அப்பத்தான்யா நடந்துது. மனுஷன் அதைப் பார்ப்பானா, கிளட்ச்சைப் பார்ப்பானா?" என்று சீறி விழுந்தார். டிரைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்பேர் பார்ட்ஸ் சுற்றி வருகிற பழைய பேப்பரை அவர் கசக்கி எறிய மாட்டார். பிரித்து நீவி, கம்பெனி பெயர் எங்காவது தென்படுகிறதா என்று தேடுவார். அந்தப் பெயரை மட்டும் இங்கிலீஷில் படிக்கத் தெரியும். தென்பட்டால் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்துவிடுவார். "கிளார்க்கு, இன்னா போட்டிருக்கான் பாரு." நான் படித்துச் சொல்வேன். படிக்காத விஷயத்தையும் சேர்த்து அவர் புரிந்துகொள்வார்.

மற்ற உலக விவகாரம் எதுவும் அவருக்கு ஒட்டாது. ஒருநாள் எம்.எல்.ஏ.வின் ஜீப் ரோட்டில் நின்றுபோய், அவரே இறங்கி ஷெட்டுக்கு வந்தார். நாங்களெல்லாம் எழுந்து நின்றோம். பட்டாபிஷேகம் ஜீப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "நீங்க எந்த ஊரு? இந்தப் பக்கம் பார்த்ததில்லியே" என்றார். எம்.எல்.ஏ. முகத்தில் ஈயாடவில்லை.

பட்டாபிஷேகம் என்ற பெயர் வந்ததற்கு நானே சாட்சி. நான் சேர்ந்த புதிதில் கம்பெனியில் ஆறாவது ஆள் ஓய்வு பெற்று, ஏழாவது ஆள் வந்தார். பேப்பரில் படித்துச் சொன்னேன். மறுநாள் காலையில் போனால், ஷெட்டில் நின்ற லாரிக்குத் தோரணம், நெற்றியில் சந்தனம் குங்குமம், பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சர்க்கரைப் பொங்கல். உப்பளத்தில் சுமை தூக்குகிற பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று, "யாரு வூட்டு விசேஷம் மேஸ்திரி?" என்று கேட்டார்கள்.

"கம்பெனிக்குப் புது எம்.டி. வந்துட்டாரு."

"உனக்கு அவரு இன்னா சொந்தம்?"

"நான் ரிப்பேர் பண்ற வண்டிக்கெல்லாம் அவருதானே அப்பன்!"

"அப்பன் மாறிக்கினே இருப்பானா?" என்று ஒருத்தி கேட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். இருந்தாலும் பொங்கலை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் வைத்த பெயர்தான் இது. பொங்கலில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடித்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஷெட்டின் பின்சுவரில் ஏழு தலைவர்களின் படங்களும் இருந்தன. பேப்பரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவை. ஏழுக்கும் மாலை, பொட்டு, ஒரே ஊதுவத்தி. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று நான் எவ்வளவோ சொன்னேன். "மரியாதைக்கு இன்னாய்யா உயிரு, செத்தது?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். ஒருமுறை கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஒருவர் உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். கடைசி மாலைக்குள் இருந்தது அவருடைய இப்போதைய எம்.டி. "எப்பங்க?" என்றார் குரல் கம்ம. "போன மாசம்தான்" என்றார் பட்டாபிஷேகம். அவர் சொன்னது பதவியேற்றதை. பிரதிநிதி என் ஆபீசுக்கு ஓடிவந்து, போனை எடுத்து, தலைமையகத்துக்குத் துக்கம் விசாரித்தார். பாவம், அடுத்த மாதம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த விஷயம் சிரிக்க முடியாத இடத்துக்கு வந்தது சகாயமேரியின் லாரியால்.

சகாயமேரி உப்பளத்தில் பத்து வருஷம் தலைச்சுமை தூக்கியவள். பிறகு சுமைக்காரப் பெண்களுக்கு மேஸ்திரி. அப்புறம் எப்படியோ சொந்தமாக ஒரு புது லாரி வாங்கிவிட்டாள். சங்கத்தில் நூற்றிச் சொச்சம் லாரி முதலாளிகளில் ஒரே பெண். வரிசையில் அவள் நம்பர் பதினேழு. அந்த நம்பருக்காக அவள் சங்கத் தலைவரோடு போட்ட சண்டையை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேஜை இருந்தது என் நல்ல காலம்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு லாரி தொடர்ந்து தொண்ணூறு நாள் உப்பு ஏற்றாவிட்டால் அதன் நம்பர் போய்விடும். திரும்பி வந்தால் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். வாலில் நிற்கிற லாரிக்கு உப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு.

சுனாமி வந்துபோன பிறகு, அடுத்த பிப்ரவரியில், உப்பு எடுக்கத் தொடங்கிய நேரம். முதல் லோடு இறக்கிவிட்டு வந்த சகாயமேரியின் லாரிக்கு அடியில் பட்டாபிஷேகம் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்தபோது முகம் சரியில்லை. சேஸில் விரிசல். சேஸ் என்றால் லாரியின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

"வெல்டு வச்சிடு மேஸ்திரி" என்றாள் சகாயமேரி.

"சேஸுல வெல்டு வச்சு பத்து டன் ஏத்தினேன்னா, ரோட்டுல ரெண்டா மடிஞ்சிக்கும். உள்ள இருக்கறவன் என்னா ஆவறது? ஒரு வருஷம்கூட ஆவல. வாரண்டி இருக்குது. கம்பெனிக்காரன் புதுசு மாத்திக் குடுக்கட்டும்."

புதுச்சேரியில் இருந்த சர்வீஸ் மேனேஜர் வண்டியைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மரக்காணம் வண்டியா? சுனாமித் தண்ணீர் பட்டிருக்கும். வாரண்டி கிடையாது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை லாரி ஊரிலேயே இல்லை, கிளியனூரில் பஞ்சராகி நின்றது என்று சகாயமேரி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. பட்டாபிஷேகம் கிளியனூருக்கே போய், பஞ்சர் கடை பாயை அழைத்து வந்து என் எதிரில் உட்கார வைத்தார். "நம்ம கடை வாசல்ல சாயந்தரம் வரைக்கும் நின்னுச்சு சார். நான்தான் டியூப் மாத்தினேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார் பாய். அதை எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி, ஏழாவது ஆளுக்கே நேராகக் கடிதம் அனுப்பினோம்.

மூன்றே வாரத்தில் பதில் வந்துவிட்டது! 'இதை நானே கவனிக்கிறேன்' என்று ஏழாவது ஆளின் கையெழுத்தோடு. பட்டாபிஷேகம் அந்தக் கடிதத்தை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். "பார்த்தியா? வாக்கு! எம்.டி. வாக்கு!"

வாக்குக் கொடுத்த ஏழாவது ஆள் அடுத்த பத்து நாளில் பதவியை விட்டுப் போய்விட்டார். சொந்தக் காரணங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அந்த வாக்கை அடுத்து வருகிறவர் காப்பாற்றுவாரா என்பதுதான் இப்போது கேள்வி. அடுத்து வருகிறவர் யாரென்றே தெரியவில்லை.

லாரி நின்று நாற்பது நாள் ஆனபோது கம்பெனியிலிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. சேஸை மாற்றித் தரச் சம்மதம். கூடவே இருக்கும் படிவத்தில் லாரி உரிமையாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். நான் சந்தோஷத்தில் ரோட்டைக் கவனிக்காமல் தாண்டி ஓடினேன். சகாயமேரி ஷெட்டில்தான் இருந்தாள். படித்துச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும் கையெழுத்து?" என்றாள்.

"இரு" என்றார் பட்டாபிஷேகம். "கையெழுத்துப் போட்டவன் யாரு?"

"ஆக்டிங் மேனேஜிங் டைரக்டர்னு இருக்குதுண்ணே."

"ஆக்டிங்கா?"

அவர் முகம் சுருங்கியது.

லாரித் தொழிலில் ஆக்டிங் டிரைவர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் ஒருநாள், இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் போக வருகிறவர். பட்டாபிஷேகத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத ஜாதி அது. "ஆயில் பார்க்க மாட்டான். பள்ளம் பார்க்க மாட்டான். சாவியை வீசிட்டுப் போய்க்கினே இருப்பான்" என்பார். ஷெட்டுக்கு வருகிற கோளாறுகளில் பாதி ஆக்டிங் டிரைவரால் வந்தவை. மீதிப் பாதி ஆறாவது ஆளால்.

"அண்ணே, இது அந்த ஆக்டிங் இல்லண்ணே. அடுத்தவரு வர்ற வரைக்கும் பொறுப்புல..."

"அதையேதான்யா நானும் சொல்றேன்! சொந்த டிரைவர் திரும்பி வந்ததும் மொத வேலை இன்னா? சீட்டைப் பின்னாடி தள்ளுவான். கண்ணாடியைத் திருப்புவான். அப்புறம், எவன்டா இதை ஓட்டினான்னு கேப்பான். நாளைக்குப் புது எம்.டி. வருவான், ஆக்டிங் செஞ்சது செல்லாதுன்னுடுவான். வாரண்டியில ஒரு தடவைதான் கையெழுத்து. அதை ஆக்டிங் கையில குடுத்துட்டு நீ நடுரோட்டுல நிப்பியா மேரி?"

சகாயமேரி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் பேசினால் எதிரே இருக்கிறவனுக்கு அது நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டுத் தொலைத்தது. அவள் கையை மடக்கிக்கொண்டாள். அதோடு விட்டாரா? அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லி, கூடவே ஒரு கடிதமும் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

"எழுது. ஐயா, வணக்கம். நீங்க ஆக்டிங்னு போட்டிருக்குது. ஆக்டிங்ல வர்றது தப்பில்ல. வயித்துப்பாட்டுக்கு வர்றீங்க..."

"அண்ணே, வயித்துப்பாடு வேணாம்ணே."

"ஏன், அவருக்கு வயிறு இல்லியா? எழுதுய்யா. ஆனா ஆக்டிங் கையில நாங்க வாக்கு வாங்கறதில்ல. சொந்த டிரைவர் யாருன்னு முடிவானதும் அவர் கையெழுத்தோட அனுப்பவும்."

வயிற்றுப்பாட்டுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. 'தங்கள் வயிற்றின் பொருட்டு' என்று வருகிற மாதிரி எழுதினேன். தபாலிலும் நானே போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களுக்கு ஒரு வரிசை போட்டால் இதற்கு முன்னால் வர ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம் பதிலே இல்லை. ஐம்பது நாள். அறுபது நாள். வெயில் ஏறி, பாத்தியெல்லாம் உப்பு விளைந்து, அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. மற்ற லாரியெல்லாம் ஓய்வில்லாமல் ஓடுகிறது. பதினேழாம் நம்பர் மட்டும் ஷெட்டில் நிற்கிறது. அதன் டிரைவர் எத்தனை நாள்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்? வேறு லாரிக்குப் போய்விட்டார். பட்டாபிஷேகம் மட்டும் தினமும் காலையில் வந்து கேட்பார். "புது ஆளைப் போட்டுட்டானுங்களா?"

"இல்லண்ணே."

அறுபத்தைந்தாவது நாள் சகாயமேரி ஷெட்டுக்கு வந்தாள். கால் முழுக்க உப்பு வெடிப்பு. லாரி இல்லாததால் மறுபடியும் சுமை தூக்கப் போயிருந்தாள். சுவரில் இருந்த படங்களைக் காட்டி, கத்தாமல்தான் கேட்டாள்.

"மேஸ்திரி, மாலை போட்டு வச்சிருக்கியே, இந்த ஏழு பேரும் வந்து என் நம்பரைக் காப்பாத்துவாங்களா?"

பட்டாபிஷேகம் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அவள் போன பிறகு என்னிடம், "தப்புப் பண்ணிட்டனா கிளார்க்கு?" என்றார். எனக்கு அவர்மேல் மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் கடிதத்தை எழுதித் தபாலில் போட்டவன் நான்தானே.

எழுபத்தாறாவது நாள் காலை பதினொரு மணி இருக்கும். வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒருவர் ஷெட்டுக்குள் போவதை ஆபீசிலிருந்து பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் வந்த கார் கொஞ்சம் தள்ளி டீக்கடை நிழலில் நின்றது. கார் டிரைவர் வெள்ளைச் சீருடையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மரக்காணத்தில் யாரும் அப்படி விறைப்பாக நிற்பதில்லை. நான் நோட்டை மூடிவிட்டு ரோட்டைத் தாண்டினேன். போய்ச் சேர்வதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"இன்னா வேணும்? யாரு நீ?" என்றார் பட்டாபிஷேகம்.

வந்தவர் சிரித்தார். "நான் ஆக்டிங்ங்க."

பட்டாபிஷேகம் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஆக்டிங்குக்கு இங்க வேலை ஒண்ணும் இல்லியே. ஹெவி லைசென்ஸ் இருக்குதா?"

"இருக்குது."

"எத்தினி வருஷமா லாரியில இருக்கற?"

"முப்பது வருஷம் ஆச்சுங்க."

"முப்பது வருஷம் ஆகியும் ஆக்டிங்தானா?" பட்டாபிஷேகத்துக்கே இரக்கம் வந்துவிட்டது. "ஐயோ பாவம். ஒருத்தனும் நிரந்தரமா வச்சிக்கலியா?"

"கேட்டுப் பார்த்தேன். குடுக்க மாட்டேங்கறாங்க."

நான் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். தொண்டையைச் செருமினேன். பட்டாபிஷேகம் என்னைப் பார்த்து, "இருமல்னா ஆஸ்பத்திரிக்குப் போயேன்யா" என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "சும்மா நிக்காத. வந்ததுக்கு இந்த லைட்டையாவது புடி."

அவர் லைட்டை வாங்கிக்கொண்டார். பிடித்தபடி நிற்கவில்லை. சாக்கை விரித்துப் போட்டு, சகாயமேரியின் லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து உள்ளே போய்விட்டார்.

"சட்டை அழுக்காவும்யா!"

"ஆவட்டும்." பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "விரிசல் ரிவெட் ஓட்டையிலேருந்து கெளம்பியிருக்கு. துருவே இல்ல. இது கடல் தண்ணி வேலை இல்லீங்க. செய்யறப்பவே வந்த குத்தம்."

பட்டாபிஷேகம் தொடையைத் தட்டினார். "அப்பிடிச் சொல்லு! ஒரு ஆக்டிங் டிரைவர், உனக்குத் தெரியுது. அங்க கம்பெனியில உக்காந்திருக்கானே ஒரு ஆக்டிங், அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்ங்க. உங்க லெட்டர் வந்துது."

"எந்த லெட்டர்?"

"வயித்தின் பொருட்டு வர்றீங்கன்னு எழுதியிருந்தீங்களே, அது."

பட்டாபிஷேகம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் குனிந்து லாரிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப ஹெவி லைசென்ஸ் இருக்குதுன்னீங்களே?"

"அதும் இருக்குதுங்க."

புதுச்சேரிக்குப் போகிற வழியில், கடிதம் எழுதினது யார் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என இறங்கினாராம். அடியிலிருந்து வெளியே வந்தவரின் வெள்ளைச் சட்டை முதுகில் கிரீஸ். அப்படியே பின்சுவருக்குப் போய் ஐந்தாவது படத்துக்கு எதிரே நின்றார். "இவருகிட்டதான் நான் டிரெய்னியா சேர்ந்தேன். போன வாரம்கூடப் பார்த்தேன், நல்லாத்தானே இருக்காரு?" என்றார். "மரியாதைக்குப் போட்டதுங்க" என்றார் பட்டாபிஷேகம். அவர் வாயிலிருந்து அவ்வளவு பணிவான குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

சகாயமேரிக்கு ஆள் அனுப்பினோம். உப்புக் கையோடு ஓடிவந்தாள். வந்தவர் சட்டைப் பையிலிருந்து நாங்கள் திருப்பி அனுப்பிய அதே படிவத்தை எடுத்தார். பட்டாபிஷேகம் அப்போதும் விட்டாரா?

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நல்லவருதான். ஆனா புது ஆளு வந்து கேன்சல் பண்ணிட்டா?"

"பண்ணலாம். யாரு வர்றாங்கன்னு எனக்கே தெரியாது. நான் இல்ல, அது மட்டும் தெரியும். ஒண்ணாந்தேதி வர்றாரு." அவர் படிவத்தை லாரியின் மட்கார்டில் விரித்து வைத்தார். "ஒண்ணு கேக்கறேன் மேஸ்திரி. டிரைவருக்குக் காய்ச்சல். ஆக்டிங் டிரைவர் ஏறுறான். சொந்த டிரைவர் வரட்டும்னு சொல்லி லோடோட வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு உக்காந்துட்டான்னா, நீங்க அவனை இன்னா பண்ணுவீங்க?"

"செருப்பால அடிப்பேன்" என்றார் பட்டாபிஷேகம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் பையிலிருந்த பேனாவை உருவிச் சகாயமேரியிடம் நீட்டினார். "போடும்மா." அவள் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்திப் போட்டாள். படிவத்தின் ஓரத்தில் உப்புக் கை பதிந்துவிட்டது.

அந்த மனிதர் சொன்னபடியே செய்தார். நாலாவது நாள் புது சேஸ் வந்து இறங்கியது. புதுச்சேரியிலிருந்து இரண்டு மெக்கானிக்குகளும் வந்தார்கள். கேபினைத் தூக்கி, இன்ஜினை இறக்கி, மறுபடி ஏற்றி, எல்லாம் பூட்டி முடிக்கும்போது எண்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. பட்டாபிஷேகம் எப்போது சாப்பிட்டார், எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறாவது நாள் விடிந்தது. அன்றைக்குத்தான் ஒண்ணாந்தேதி. சாயங்காலம் ஆறு மணிக்குள் பதினேழாம் நம்பர் உப்பு ஏற்ற வேண்டும். வண்டி தயார். அம்பாரம் தயார். சுமைக்காரப் பெண்கள் தயார். டிரைவர் இல்லை!

சகாயமேரி பழைய டிரைவரைத் தேடினாள், அவர் சேலம் போயிருந்தார். எக்கியார்குப்பத்தில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள், அவர் நேற்றே கிளம்பிவிட்டார். சீசன் நேரம், காசு கொடுத்தாலும் ஆள் கிடைக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து லாரி டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

பட்டாபிஷேகம் இருபது வருஷமாக ஸ்டியரிங்கைத் தொட்டு ரோட்டுக்குப் போனதில்லை. ஷெட்டுக்குள் முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. ஆனால் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். கையை மண்ணெண்ணெயில் கழுவினார். ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுந்திரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு கேபினில் ஏறினார்.

நாலரை மணிக்கு லோடு ஏறி, தார்ப்பாய் கட்டி, லாரி சங்க ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. சங்கத் தலைவர் உட்பட இருபது முப்பது பேர் ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நான் நோட்டோடு வெளியே வந்தேன். லாரி எண், சரக்கு, போகிற ஊர் சேலம் என்று எழுதிக்கொண்டு வந்து டிரைவர் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன்.

"எழுதுய்யா" என்றார் பட்டாபிஷேகம் மேலேயிருந்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி. "ஆக்டிங்னு எழுது."

யாரும் சிரிக்கவில்லை. சகாயமேரிதான் சிரித்தாள், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லாரி, சைக்கிள்கூட முந்திப் போகிற வேகத்தில், திண்டிவனம் ரோட்டில் திரும்பி, பத்திரமாகப் போனது.

மூன்றாவது நாள் காலையில் திரும்பி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக என் ஆபீசுக்குத்தான் வந்தார். நான் பேப்பரை எடுத்து வைத்திருந்தேன். புது எம்.டி. பதவியேற்ற செய்தி, படத்தோடு வந்திருந்தது. இடையில் ஆக்டிங்காக இருந்தவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"எட்டாவது ஆளு வந்துட்டாருண்ணே" என்றேன்.

அவர் பேப்பரை வாங்கவில்லை. படத்தை மட்டும் எட்டிப் பார்த்தார்.

"எட்டு இல்ல கிளார்க்கு. ஒம்போது."

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கம்பெனிக்காரர்கள் எட்டு என்றுதான் இன்றைக்கும் எழுதுகிறார்கள். எழுதட்டும். பட்டாபிஷேகத்தின்மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்கு, யார் கேட்டாலும் நான் ஒன்பது என்றுதான் சொல்வேன்.